கொழுந்தும் எடைக்கணக்கும்

மூணாற்றுத் தேயிலைத் தோட்டங்களில் 2015-ஆம் ஆண்டு வரையில் 21 என்னும் எண்ணுக்கு ஒரு தனிப்பொருள் இருந்தது. காலையில் மலைச்சரிவில் ஏறிய பெண் மாலையில் தராசடிக்கு வந்து சேரும்போது, அன்று அவள் பறித்த பச்சைக் கொழுந்தின் எடை 21 கிலோவாக இருத்தல் வேண்டும். இருந்தால் அன்றைய கூலி முழுமையாக அவளுடையது. அதற்கு மேற்பட்ட எடைக்குக் கிலோ ஒன்றுக்கு இவ்வளவு என்று தனிக்காசு உண்டு. குறைந்தால் கங்காணியின் முகத்தைப் பார்த்து நிற்க வேண்டியதுதான்.

நேயர்களே, உங்களுள் பலர் மும்பையிலும் தில்லியிலும் பெங்களூரிலும் அலுவலகங்களிலும் ஆலைகளிலும் பணியாற்றுகின்றீர்கள். 'டார்கெட்' என்னும் சொல்லை நாளுக்குப் பத்துமுறையேனும் கேளாதவர் உங்களுள் இருக்க மாட்டார். இம்மாதம் இத்தனை விற்பனை, இந்தக் காலாண்டில் இத்தனைக் கோப்புகள், மணிக்கு இத்தனை அழைப்புகள் என்று எல்லாத் தொழிலும் இன்று ஓர் எண்ணைத் தலைமேல் வைத்துக்கொண்டு நடக்கின்றது. இதனை அமெரிக்க மேலாண்மைப் பள்ளிகள் நமக்கு அனுப்பிவைத்த புதுமை என்று பலர் எண்ணுகின்றனர். நம் மக்களோ இந்த எண்ணை நூறு ஆண்டுகளுக்கும் மேலாகத் தோளில் சுமந்து வந்திருக்கின்றார்கள். அதன் குறைகளும் நம் மலைகளிலேயே வேண்டிய அளவு சோதித்துப் பார்க்கப்பட்டிருக்கின்றன. அந்த வரலாற்றில் ஒரு பகுதியை இங்கே சொல்ல முற்படுகின்றேன்.

கண்ணன் தேவன் மலைகள் பூஞ்ஞாற்று அரசர்களின் உரிமையில் இருந்தவை. 1877-இல் ஜான் டேனியல் மன்றோ என்னும் ஆங்கிலேயர் அவற்றைக் குத்தகைக்குப் பெற்றார். முதலில் காப்பியும் சிங்கோனாவும் ஏலமும் பயிரிட்டுப் பார்த்தார்கள். பிறகே தேயிலை வந்தது. 1897-இல் கண்ணன் தேவன் மலை விளைபொருள் கம்பெனி தோன்றிற்று. முதிரப்புழை, நல்லதண்ணி, குண்டலை ஆகிய மூன்று ஆறுகள் கூடும் இடத்தில் மூணாறு என்னும் ஊர் வளர்ந்தது. விளைந்த தேயிலை குண்டலைப் பள்ளத்தாக்கின் சிறு ரயிலில் டாப் ஸ்டேஷன் வரையில் சென்று, அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடி கொட்டகுடிக்கு இறங்கிப் போடிநாயக்கனூர் போய்ச் சேர்ந்தது. 1924-ஆம் ஆண்டு வெள்ளம் அந்த ரயிலை இருந்த இடம் தெரியாமல் அடித்துக்கொண்டு போயிற்று. மலையாளிகள் இன்றும் 'தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்' என்று சொல்லும் அது, கொல்லம் ஆண்டு 1099-இல் வந்த பெருவெள்ளமாகும்.

தேயிலை இறங்கிய அதே வழியில் ஆட்கள் ஏறினார்கள். மதுரை, திருநெல்வேலி, இராமநாதபுரம் மாவட்டங்களின் வறண்ட ஊர்களிலிருந்து கங்காணிகள் அவர்களைத் திரட்டி வந்தனர். முன்பணம் கொடுத்து அழைத்து வந்த ஆளைக் கங்காணி தன் கணக்கில் வைத்துக்கொள்வான். கடன் தீரும்வரை அவனைவிட்டு நீங்க இயலாது. பாலக்காட்டின் நெல்லியாம்பதி மலைக்கும், அதனையடுத்து நம் பக்கத்தில் உள்ள வால்பாறைக்கும் மக்கள் சென்ற கதையும் பெரும்பாலும் இதுவேயாம். வால்பாறைத் தோட்டங்களில் மருத்துவராயிருந்த பி. எச். டேனியல் 1969-இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட 'ரெட் டீ' என்னும் நாவல் அந்நாளைய நிலையைக் கூறுவது. 'எரியும் பனிக்காடு' என்ற பெயரில் தமிழிலும் அது கிடைக்கின்றது. 1956-இல் மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது தேவிகுளம், பீர்மேடு வட்டங்கள் கேரளத்துடன் நின்றன. தமிழர் மலையிலேயே இருந்தனர். எல்லைக்கோடும் இருந்த இடத்திலேயே நின்றுவிட்டது.

தொடக்கத்தில் கணக்கு ஆளைப் பற்றியதாகவே இருந்தது. விடியலில் வரிசையில் நிற்கும் தலைகளை எண்ணிப் பேரேட்டில் பெயர் எழுதுவார்கள். பெயர் விழுந்தால் கூலி. இலங்கை மலைநாட்டுத் தமிழரிடம் இதன் தடம் இன்றும் மொழியில் இருக்கின்றது. ஒருநாள் வேலையை அவர்கள் ஒரு 'பேர்' என்பார்கள். எடை குறைந்தால் 'அரைப்பேர்' விழுந்தது என்பார்கள். வந்தவள் முழு உடம்போடு வந்தாள், முழுநாளும் நின்றாள், பெயர் மட்டும் பாதியாகப் பதிவாயிற்று! மொழிபெயர்ப்பை வயிற்றுப்பிழைப்பாகக் கொண்டவன் நான். இதற்கு நிகரான ஒரு சொல்லை வேறு எந்த அலுவலகப் பதிவேட்டிலும் நான் கண்டதில்லை.

ஆளை எண்ணும் கணக்கு எடையை நிறுக்கும் கணக்காக மாறியது ஏன்? அஸ்ஸாமின் வரலாறு இதற்குத் தெளிவான விடை தருகின்றது. 1865-இல் வங்காள அரசாங்கம் ஒரு சட்டம் செய்தது. ஒப்பந்தத்தில் அஸ்ஸாம் தோட்டங்களுக்குச் செல்லும் ஆணுக்கு மாதம் 5 ரூபாய், பெண்ணுக்கு 4 ரூபாய், குழந்தைக்கு 3 ரூபாய் குறைந்தபட்சக் கூலி தர வேண்டும். வேலை நாளொன்றுக்கு 9 மணி நேரத்துக்கு மேற்படலாகாது. கேட்பதற்கு நல்ல சட்டம். ஆனால் தோட்டங்களில் 'நிரிக்' என்று ஒன்று இருந்தது. ஒரு நாளில் இவ்வளவு நிலம் கொத்த வேண்டும், இவ்வளவு இலை பறிக்க வேண்டும் என்னும் வேலையளவே நிரிக். அதனை முடித்தவனுக்கே அன்றைய 'ஹாஜிரா' உண்டு. நிரிக்கை நிர்ணயிப்பவரோ தோட்டத்துரை. ஆகவே சட்டம் கூலியைக் கையில் பிடித்துக்கொண்டிருக்க, துரை வேலையளவை நகர்த்திக் கூலியை மாற்றிவிட முடிந்தது. ஐந்து ரூபாய் என்று சட்டம் சொன்னது உண்மை; அந்த ஐந்து ரூபாய் எத்தனை நாளைய உழைப்புக்கு என்பதைச் சொல்லும் அதிகாரம் தோட்டத்திலேயே தங்கிவிட்டது.

என் முழுக்கருத்தும் இந்தச் சிறு செய்தியில் அடங்கியிருக்கின்றது. வேலையிலக்கு என்பதை நாம் பொதுவாக ஒரு மனிதனின் ஆற்றலை அளக்கும் கோல் என்று கருதுகின்றோம். தோட்ட வரலாற்றைப் பார்த்தால் அது பெரும்பாலும் விலையை எழுதும் மற்றொரு வழியாகவே இருந்திருக்கின்றது. கூலியை வெளிப்படையாகக் குறைத்தால் கூச்சல் எழும். கூலியைத் தொடாமல் எடையைக் கூட்டினால், அது உற்பத்தித்திறன் என்னும் கௌரவமான பெயரைப் பெற்றுவிடுகின்றது.

என் தந்தையாரின் தமக்கை தேவிகுளம் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கொழுந்து பறித்தவர். நான் கொல்லங்கோட்டில் பிறந்து வளர்ந்தவன். எங்கள் வீட்டு வாயிலில் நின்றால் நெல்லியாம்பதி மலை நீலமாய்த் தெரியும். மலை என்றால் அழகு என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. பள்ளி விடுமுறைக்கு அத்தை வீட்டுக்குப் போனபோதுதான் தராசைக் கண்டேன். எடைபோடும் இடத்தில் பெண்கள் மூட்டைகளைத் தலையிலிருந்து இறக்கி வரிசையாக நிற்பார்கள். ஒருவரும் பேச மாட்டார்கள். அதுவரை சரிவில் பாட்டும் கேலியுமாக இருந்தவர்கள் அங்கே வந்ததும் வாயை மூடிக்கொள்வது எனக்கு வியப்பாயிருந்தது. எல்லோர் கண்ணும் தராசின் முள்ளில் நிற்கும்.

அத்தைக்குக் கிலோவில் நம்பிக்கை இல்லை. அவருக்கு முந்திய தலைமுறை ராத்தல் கணக்கில் நிறுத்தது; ராத்தலிலிருந்து கிலோவுக்கு மாறியபோதே ஏதோ கைநழுவிவிட்டது என்று தம் தாயார் சொல்லக் கேட்டதாக அவர் கூறுவார். அது உண்மையோ, வெறும் ஐயமோ, நான் அறியேன். ஆயின் அவர் சொன்ன வேறொரு செய்தியில் ஐயத்துக்கு இடமில்லை. மழை நாளில் கொழுந்து நனைந்திருக்கும். ஆகவே நீருக்கென்று மூட்டைக்கு இத்தனை கிலோ கழித்துவிடுவார்கள். சாக்குக்கென்று வேறு கழிவு. நீர் உண்மையில் எவ்வளவு இருந்தது என்று நிறுத்துப் பார்ப்பவர் யாருமில்லை. கழிப்பவர் கையே கணக்கு. வெயிலில் உலர்ந்த கொழுந்தோ எடை குறைந்து போகும். "அதுக்குக் கூட்டிக் குடுத்தாங்களா தம்பி?" என்று அத்தை ஒருமுறை என்னைக் கேட்டார்.

தேயிலைச் செடிக்கு இலக்கு தெரியாது. தென்மேற்குப் பருவமழைக்கு முன்னும் பின்னும் செடி பொங்கித் தளிர்க்கும். அப்போது கையில் சுறுசுறுப்புள்ள பெண் குறித்த அளவைத் தாண்டி இரண்டு மடங்கும் பறித்துவிடுவாள். மார்கழியிலும் தையிலும் மூணாற்றில் உறைபனி விழும்; தளிர் கருகிப்போகும். மாசி பங்குனியில் வறட்சி. கவாத்துச் செய்த காட்டில் ஓர் அளவு, பழைய காட்டில் ஓர் அளவு. பள்ளத்தில் ஓர் அளவு, பாறைச்சரிவில் ஓர் அளவு. இத்தனை வேறுபாடுகளையும் ஓர் எண் விழுங்கிவிடுகின்றது. எடை குறைந்த நாளில் செடியைக் குறை கூறுவோர் இலர். பறித்தவளே சோம்பேறி ஆகின்றாள்.

செடியை விடுங்கள், கொழுந்தின் தரம் என்ன ஆகின்றது? நல்ல தேயிலைக்கு 'இரண்டு இலையும் ஒரு மொட்டும்' என்பது உலகெங்கும் வழங்கும் விதி. பறிப்பவள் விரல் நுனியால் அதனைக் கிள்ள வேண்டும்; முற்றிய இலையையும் காம்பையும் விட்டுவிட வேண்டும். பச்சைக் கொழுந்தில் முக்கால் பங்குக்கு மேல் நீர்தான். ஏறத்தாழ நாலரை கிலோ கொழுந்து வாடி, உருண்டு, புளித்து, உலர்ந்த பிறகு ஒரு கிலோ தேயிலை கிடைக்கின்றது. மொட்டு எடையில் மிகச் சிறிது. முற்றிய இலையும் காம்பும் எடை மிகுந்தவை. எனவே தராசு எதனை மதிக்கின்றதோ அதனைத் தொழிற்சாலை விரும்புவதில்லை. தொழிற்சாலை விரும்புவதைத் தராசு மதிப்பதில்லை. மாலை நெருங்கும்போது 17 கிலோவில் நிற்கும் பெண்ணின் கை எங்கே போகும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? கங்காணி சாக்கைக் கிளறிப் பார்த்து முற்றலைத் தூக்கி எறிவார். ஆக, எடை குறைந்தாலும் ஏச்சு, எடை கூட்டினாலும் ஏச்சு. அண்மைப் பத்தாண்டுகளில் கத்தரி கொண்டு இலை வெட்டும் முறை தென்னாட்டுத் தோட்டங்களில் பரவியிருக்கின்றது. கையால் கிள்ளுவதைவிட அதில் எடை மிகும். தேர்ந்தெடுத்துக் கிள்ளும் நுணுக்கம் மட்டும் போய்விடும்.

இவ்விடத்தில் நம் மலையைவிட்டுச் சற்று வெளியே சென்று வரலாம். தோட்டத்தில் பழக்கமாக வளர்ந்த இதனை ஒரு சாத்திரமாகவே எழுதி வைத்தவர் அமெரிக்கப் பொறியாளர் பிரடெரிக் டெய்லர். 1911-இல் வெளிவந்த அவருடைய நூலில் பெத்லகேம் எஃகு ஆலையில் இரும்புக் கட்டிகளைச் சுமந்து ஏற்றிய தொழிலாளி ஒருவரின் கதை வருகின்றது. நாளொன்றுக்குப் பன்னிரண்டரை டன் ஏற்றி வந்தவர், டெய்லர் சொன்னபடி நடந்து, உட்கார்ந்து, மறுபடி எழுந்து, நாற்பத்தேழரை டன் ஏற்றினாராம். கூலி 1 டாலர் 15 சென்டிலிருந்து 1 டாலர் 85 சென்டாக உயர்ந்தது. வேலை ஏறத்தாழ நான்கு மடங்கு. கூலி ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல். டெய்லர் எழுதியவாறே அக்கதை நடந்ததா என்பதைப் பிற்கால ஆய்வாளர் வன்மையாக மறுத்திருக்கின்றனர். ஆயினும் உலகம் அக்கதையை நம்பியது.

முதலாளி நாட்டுக்கு மட்டும் உரிய நோய் இது என்று கொள்ளவும் இயலாது. சோவியத் நாட்டில் டான்பாஸ் சுரங்கத்தில் 1935 ஆகஸ்டு 30-31 இரவில் அலெக்சேய் ஸ்டகானோவ் என்னும் சுரங்கத் தொழிலாளி ஒரே முறைவேலையில் 102 டன் நிலக்கரி வெட்டினார். அவருக்கு விதிக்கப்பட்ட அளவு 7 டன். உடனிருந்து முட்டுக்கொடுத்த இருவரின் உழைப்பும் அந்தக் கணக்கில் சேர்ந்தது. பெயர் மட்டும் ஒருவருக்கே போயிற்று. அவர் பெயரால் ஓர் இயக்கமே எழுந்தது. அடுத்த ஆண்டில் தொழில்தோறும் வேலையளவுகள் உயர்த்தப்பட்டன. ஒருவன் ஒருநாள் செய்து காட்டியதை மற்றவர் எல்லாரும் எல்லா நாளும் செய்ய வேண்டும் என்றாயிற்று. அளவைத் தாண்டி உழைப்பவன் தன் தோழர்களுக்கு எதிரியாவது இப்படித்தான். எங்கள் அத்தையும் ஒன்று சொல்வார்: பொங்கும் மாதத்தில் அதிவேகமாய்ப் பறிக்கும் இளம்பெண்ணைப் பார்த்து, "மெதுவாப் பறி மவளே, நாளைக்கு எல்லாருக்கும் அதையே கேப்பான்" என்று மூத்தவர்கள் எச்சரிப்பார்களாம். டெய்லர் இதனைச் சோம்பல் என்று கண்டித்தார். எனக்கு அது அனுபவ அறிவாகத் தோன்றுகின்றது.

இனி 2015-ஆம் ஆண்டுக்கு வருவோம். அந்நாளில் மூணாற்றுத் தோட்டங்களில் பெரும்பான்மை, கண்ணன் தேவன் மலைத் தோட்டக் கம்பெனியின் கையில் இருந்தது. 2005-இல் டாட்டா நிறுவனம் தோட்டங்களை இப்புதிய கம்பெனிக்கு மாற்றிக் கொடுத்தபோது தொழிலாளரும் ஊழியரும் அதன் பங்குதாரராயினர். ஏட்டில் அவர்களே உடைமையாளர். தராசடியில் பழைய நிலையே. 2015-இல் போனஸ் முந்தைய ஆண்டின் அளவிலிருந்து 10 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. தேயிலை விலை வீழ்ந்துவிட்டது, கொழுந்தின் அளவும் குறைந்துவிட்டது என்பது நிர்வாகம் கூறிய காரணம். செப்டம்பர் முதல் வாரத்தில் பெண்கள் வேலையை விட்டு இறங்கி வந்தனர். ஆயிரக்கணக்கான பெண்கள் மூணாற்றுச் சாலையை அடைத்து அமர்ந்தனர். தங்களைப் பல்லாண்டு வழிநடத்திய தொழிற்சங்கங்களின் தலைவர்களை அவர்கள் அருகில் வர விடவில்லை. ஆண்களையும் சற்றுத் தள்ளியே நிற்கச் சொன்னார்கள்.

தங்கள் அணிக்கு அவர்கள் இட்ட பெயர் 'பெம்பிளை ஒருமை'. இப்பெயர் என் தொழிலுக்குரிய ஒரு சிறு மகிழ்ச்சியைத் தந்தது. பெம்பிளை என்பது நம் பேச்சுத் தமிழ். ஒருமை என்பது மலையாளத்தில் ஒற்றுமை. தமிழ் இலக்கணத்தில் ஒருமை என்றால் ஒன்று, பன்மைக்கு மாறானது. ஒருத்திக்கு ஒரு பெயர், ஒருத்திக்கு ஓர் எடை என்று தனித்தனியே பிரித்து நிறுக்கப்பட்டவர்கள் தங்களைச் சேர்த்துச் சொல்ல இச்சொல்லையே தேர்ந்தார்கள். இதனைக் கலப்படமொழி என்று பழித்தவர்களும் உண்டு. எல்லைப்புறத்து மொழி அப்படித்தான் இருக்கும்.

செப்டம்பர் 13-ஆம் நாள், முதலமைச்சர் உம்மன் சாண்டி முன்னிலையில் நடந்த பேச்சில் உடன்பாடு ஏற்பட்டது. போனஸாக 8.33 விழுக்காடும், அதனுடன் கருணைத் தொகையாக 11.67 விழுக்காடும், ஆக 20 விழுக்காடு. பெண்கள் வென்றார்கள். அவ்வாண்டு இறுதியில் நடந்த உள்ளாட்சித் தேர்தலிலும் அவ்வணியினர் சில இடங்களைக் கைப்பற்றினர்.

ஆனால் கூலிப் பிரச்சினை எஞ்சி நின்றது. அப்போது நாட்கூலி 232 ரூபாய். 500 வேண்டும் என்பது கோரிக்கை. இம்முறை மாநிலம் முழுவதும் தோட்டங்களில் வேலைநிறுத்தம் நடந்தது. அக்டோபர் நடுவில் முடிவு வந்தது: தேயிலைத் தொழிலாளரின் நாட்கூலி 301 ரூபாய். உடன் மற்றொரு வரியும் வந்தது. பறிக்க வேண்டிய அடிப்படை எடை 21 கிலோவிலிருந்து 25 கிலோவாக உயரும்.

இவ்விரண்டு வரிகளையும் சேர்த்துக் கணக்குப் பார்ப்போம். 232 ரூபாயை 21 கிலோவுக்கு வகுத்தால் கிலோவுக்கு ஏறத்தாழ 11 ரூபாய் 5 காசு. 301 ரூபாயை 25-க்கு வகுத்தால் 12 ரூபாய் 4 காசு. நாட்கூலி என்று பார்த்தால் ஏற்றம் 30 விழுக்காட்டை ஒட்டியது. கிலோ என்று பார்த்தால் 9 விழுக்காடு. முன்னர் 21-க்கு மேற்பட்ட நாலு கிலோவைப் பறித்தவள் அதற்குத் தனிக்காசு பெற்றாள். அந்த நாலு கிலோவும் இப்போது அடிப்படைக்குள் சென்றுவிட்டது. பத்திரிகைகள் 301-ஐப் பெரிய எழுத்தில் அச்சிட்டன. 25 பல இடங்களில் செய்தியின் கடைசிப் பத்தியில் இருந்தது. 1865-இல் அஸ்ஸாமில் நடந்ததற்கும் இதற்கும் இடையே 150 ஆண்டுகள். மேசையைச் சுற்றி அமர்ந்தவர்கள் மாறியிருந்தனர். இம்முறை தொழிற்சங்கங்களும் அரசாங்கமும் உடனிருந்தன. கூலியும் எடையும் ஒரே கயிற்றின் இரு முனைகளாக இருப்பது மட்டும் மாறவில்லை. இலங்கையிலும் இதுவே கண்டது. 2021-இல் தோட்டத் தொழிலாளருக்கு நாட்கூலி 1,000 ரூபாய் என்று சம்பளச் சபை தீர்மானித்தது. அதன் பின்னர்ப் பல தோட்டங்களில் எத்தனை கிலோவுக்கு ஒரு பேர் என்பதே சண்டையாயிற்று.

நிர்வாகத்தின் பக்கத்தையும் சொல்லாமல் விடுவது முறையன்று. தேயிலை ஏலத்தில் விலை யார் கையிலும் இல்லை; கென்யாவும் இலங்கையும் போட்டியிடுகின்றன; தென்னிந்தியத் தோட்டங்களில் உற்பத்திச் செலவில் பெரும்பங்கு ஆட்கூலி. எடைக்கணக்கு இல்லாமல் வேலை நடக்கும் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. கைவேகமுள்ள இளம்பெண்கள் தனிக்காசை விரும்புகின்றனர். பொங்கும் மாதத்தில் அக்காசு பல வீடுகளில் பிள்ளைகளின் பள்ளிச்செலவாகின்றது. எடையில்லாக் காலத்தில் கங்காணியின் விருப்பு வெறுப்பே அளவாக இருந்தது என்பதையும் மறக்கலாகாது. தராசு அவனைக் காட்டிலும் நேர்மையானது என்று கருதியே முதியவர்கள் அதனை ஏற்றிருக்கவும் கூடும். எண் வேண்டுமா வேண்டாமா என்று நான் வழக்காட வரவில்லை. அந்த எண்ணை யார் எழுதுகின்றார், எந்த மாதத்துச் செடியைப் பார்த்து எழுதுகின்றார், எதனை நிறுக்காமல் விடுகின்றார் என்பனவே என் கேள்விகள்.

இவற்றை நான் பிறர் கதையாக மட்டும் சொல்லவில்லை. நான் முன்பு பணியாற்றிய அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளருக்கு நாளொன்றுக்கு இத்தனைச் சொற்கள் என்று ஓர் அளவு விதித்தார்கள். மூன்று மாதத்துக்கொரு முறை அறிக்கை அனுப்ப வேண்டும். முதல் மாதத்திலேயே நான் ஒரு வழியைக் கற்றுக்கொண்டேன். வாக்கியத்துக்கு வாக்கியம் திரும்பத் திரும்ப வரும் சுற்றறிக்கைகளை முதலில் எடுத்துக்கொள்வது. அவற்றில் பாதி பழைய மொழிபெயர்ப்பைப் பார்த்தே எழுதிவிடலாம். தொழிலாளர் காப்பீட்டுப் பயன்களை விளக்கும் கடினமான சிறு கையேடு ஒன்று என் மேசையில் ஏழு மாதம் கிடந்தது. அதில் சொற்கள் குறைவு. ஒவ்வொரு சொல்லுக்கும் அரைமணி ஆகும். அறிக்கையில் என் எண் எப்போதும் விதித்த அளவுக்கு மேலேயே இருந்தது, பாராட்டும் கிடைத்தது. அந்தக் கையேட்டைப் படித்திருக்க வேண்டியவர்கள் ஏழு மாதம் அதனைப் படிக்கவில்லை. முற்றிய இலையைச் சாக்கில் போட்டு அமுக்கியவர்களுள் நானும் ஒருவன். என் சாக்கைக் கிளறிப் பார்க்கத்தான் கங்காணி இல்லை.

2015 அக்டோபரில் 301 ரூபாய்ச் செய்தி வந்த அன்று இரவே அத்தைக்குத் தொலைபேசி செய்தேன். அவர் அப்போது ஓய்வுபெற்று, மகள் வீட்டில் போடிநாயக்கனூரில் இருந்தார். கூலி உயர்ந்ததைச் சொன்னேன். சற்று நேரம் பேசாமலிருந்து, "எத்தனை கிலோவாம்?" என்றார். நான் தலைப்பை மட்டும் படித்திருந்தேன்; எனக்குத் தெரியவில்லை. மறுநாள் செய்தியை முழுவதும் படித்துவிட்டு மீண்டும் அழைத்து, 25 என்றேன்.

"அது ஆனி மாசத்து இருபத்தஞ்சா, தை மாசத்து இருபத்தஞ்சா தம்பி?" என்று கேட்டார் அத்தை.

நான் படித்த செய்தியில் மாதம் எதுவும் குறிக்கப்பட்டிருக்கவில்லை.